நிப்பாட்டி வைத்த சண்டை

மகன், பாதையில் ஒருவரும் இல்லை என்று குகனுக்குச் சொன்னது நீதான். அவனைப் பிடித்துக்கொண்டு போனது நீ இல்லை. வெள்ளை வான் வண்டியில் வந்தவர்கள் யார், யாருடைய சோற்றைத் தின்றவர்கள் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வந்து வந்து விசாரித்துவிட்டுப் போன ஆணைக்குழுக்களுக்கு மட்டும்தான் தெரியாது. அது வேறு கதை. ஆனால் அன்றைக்குப் பின்னேரம் ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆருமில்லடா, கிளியராக் கிடக்கு, போ" என்று சொன்ன குரல் உன்னுடையது. நான் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கேட்டது.

இதை வீட்டுக்குள் வைத்துச் சொல்லப் பலதரம் வந்தேன். ஒவ்வொரு தரமும் உன் காதில் ஹெட்போன் இருந்தது. அதனால்தான் ஊரே வாசிக்கும்படி எழுதுகிறேன். யாராவது உன் தோளில் தட்டி, "உன்ட அம்மா என்னவோ எழுதியிரிக்காடா" என்பார்கள். அப்போதாவது அதைக் கழற்றுவாய். கலியாணத்துக்கு அதிக நாள் இல்லை. நம்முடைய வழக்கப்படி நீ பெண் வீட்டுக்கு, வவுணதீவுக்குப் போகப்போகிறாய். ஆண்பிள்ளையைப் பெற்ற தாய்மார் இந்தப் பக்கத்தில் எல்லோரும் ஒருநாள் வெறும் அறையைக் கூட்டித்தான் ஆகவேண்டும். அதற்காக நான் அழப்போவதில்லை. நேற்று நீ சாமான் கட்டினாய். வேட்டி சட்டைக்கு முன்னால் பெட்டிக்குள் போனது உன் புதுக் கேம் பெட்டி. குளிக்க வார்த்த பிள்ளையைத் துவாயில் சுற்றுகிற மாதிரிச் சுற்றி வைத்தாய். அதைப் பார்த்துக்கொண்டு கதவடியில் நின்றபோது பழைய பெட்டி வந்த நாள் கண்ணுக்குள் வந்தது.

அந்தப் பெட்டி உன் அப்பாவுக்குப் பதிலாக வந்தது. நாவலடியில் எனக்குச் சீதனமாகத் தந்த வீடு இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு மணல். கடல் ஊருக்குள் ஏறி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரைவலை மீன் வாங்கப் போனார். பூரணை என்பதால் நீயும் நானும் அமிர்தகழிக் கோயிலுக்குப் போயிருந்தோம். அதனால் மிஞ்சினோம். சாமிதான் காப்பாற்றினார் என்று என்னிடம் சொல்ல வந்த சனத்தோடு அன்றைக்கே சண்டை பிடித்தேன். மீன் வாங்கப் போன மனிசன் என்ன பிழை செய்தார் என்று கேட்டேன். பிறகு கூடாரம், பிறகு அமிர்தகழியில் வாவிக்கரையோரம் ஓர் அறையும் குசினியும். உதவிக்கு வந்தவர்கள் கட்டித்தந்த கக்கூசைவிட அதில் தொங்கிய பெயர்ப்பலகை பெரிதாக இருந்த காலம் அது. அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்குச் சுவிஸிலிருந்து சித்தப்பா வந்தார். சூட்கேசைத் திறந்து, சொக்கலேற்றுக்கும் கம்பளிக்கும் அடியிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்தார். "பொடியன் வெளிய திரியாம வீட்டுக்க இரிக்கட்டும் அண்ணி. இப்ப வெளிய சரியில்ல" என்றார். வெளியே சரியில்லாமல் போவதற்கு அங்கே சண்டைக்கு மாதாமாதம் காசு சேர்த்துக் கொடுத்த மனிதர் அவர். அடுத்தவன் பிள்ளைக்கு உண்மைச் சண்டை, அண்ணன் பிள்ளைக்கு விளையாட்டுச் சண்டை. முகத்துக்கு நேரே சொல்ல வாய் வந்தது. நீ அப்பா போனபிறகு முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டிருந்தாய், வாயை மூடிக்கொண்டேன்.

நான் அந்தக் கேமைக் குற்றம் சொல்ல வரவில்லை. வெள்ளை வானில் வந்தவர்கள் யாரும் கேம் விளையாடி வளர்ந்தவர்கள் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். முதலில் ரீவி முழுவதும் இருட்டாக இருக்கும். நடுவில் ஒரு கைப்பிடி அளவு பச்சை. அதில் நாலைந்து குடிசை, ஒரு கொடி. நீ ஒரு குதிரைக்காரனை அனுப்புவாய். அவன் போகிற போக்கில் இருட்டு விலகும். மரம் வரும், கல் வரும், ஆறு வரும். விலகிய இருட்டுத் திரும்பி வராது. குதிரைக்காரன் எங்கோ போய்ச் செத்துப்போனாலும் அவன் நடந்த பாதை வெளிச்சமாகவே கிடக்கும். எங்கள் அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் வாவிப் பக்கம். மத்தியானத்தில் தண்ணீரின் வெளிச்சம் உள்ளே வந்து கூரைத் தகட்டில் நெளியும். பாயில் சரிந்து, பாதித் தூக்கத்தில் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். உன் சின்னச் சின்ன வீரர்கள் ரீவியை விட்டு இறங்கிச் சுவரில் ஏறிக் கூரையில் நடப்பார்கள். அந்த நெளிகிற வெளிச்சத்தைக் கடக்க ஒரு தோணி வரும். தோணியில் சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் இருப்பார், முகம் தெரியாது. அந்த நேரம் பார்த்து நகரத்து ஆமி முகாமிலிருந்து செல் குண்டு கிளம்பும். தகடு கிடுகிடுக்கும், வாவிக்கு மேலால் அது கூவிக்கொண்டு எதிர்க்கரையான படுவான்கரைக்குப் போகும். தோணி கலைந்துவிடும். நீ திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாய். ரீவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பாய்.

அந்தச் செல்கள் போய் விழுந்த இடத்திலிருந்து வந்தவன்தான் குகன். பழுகாமத்துப் பொடியன். சனம் எல்லாம் வாவியைக் கடந்து ஓடிவந்து, எங்கள் ஒழுங்கைத் தெருவுக்குப் பின்னால் உள்ள பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடந்த நாட்கள். அவன் தாய் பூமணி அக்கா எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளுவா. அவன் வாளியை நிலத்தில் வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நீ பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னடா பாக்காய்? உள்ளுக்கு வா" என்றாய். அவன் காலைக் கழுவிவிட்டு வந்தான். சுவிஸ் சித்தப்பா பெட்டியோடு கொண்டுவந்த இரண்டாவது ஜோய்ஸ்டிக் அதுவரை பொலித்தீனுக்குள்ளேயே இருந்தது. அன்றைக்குத்தான் பிரித்தாய்.

ஒரே பக்கம் நின்று இரண்டு பேரும் மெசினோடு சண்டை பிடித்தீர்கள். ஆனால் உங்களுக்குள் பிடித்த சண்டைதான் எனக்குக் குசினிக்குள் ரேடியோ. நீ வில்லுக்காரனும் குதிரைக்காரனுமாக வாங்கிக் குவிப்பாய். அவன் இருந்த பொன்னையெல்லாம் கொட்டி வயல் வைப்பான்.

"டேய், எதிரி வாறான்டா. நீ என்னடா வேளாண்ம செய்றாய்?"

"சோறில்லாம ஆருடா சண்ட பிடிப்பான்? பொறு, இந்த வயல் வட்டைய முடிச்சிட்டு வாறன்."

"உன்ட வட்டையில வந்து நெருப்பு வைப்பான், அப்ப தெரியும்."

"எங்கட ஊரில வச்சவன்தானே. நான் சாகல்லியே."

அவனுக்கு ஒரு ஆளைக்கூடச் சாகக் கொடுக்க மனம் வராது. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் எல்லாரையும் திருப்பிவிடுவான். "வாங்கடா மக்காள், வீட்ட போவம்" என்று அவன் ரீவிக்குச் சொல்வது கேட்கும். நீ தலையில் அடித்துக்கொள்வாய். "அது ஆளில்ல மச்சான், யூனிட்டு. செத்தா இன்னொண்டு வாங்கலாம்." அவன் கேட்கமாட்டான். தன் வீரர்களுக்கெல்லாம் ஊர்ச் சனத்தின் பெயரை வைத்திருந்தான். "இந்தா நொண்டி வாறாரே, அவர் எங்கட சீனித்தம்பிப் பெரியப்பா. அவரப் போய் முன்னுக்கு விட்டா பெரியம்மா என்னத் தின்னுபோடுவா" என்பான். நான் அகப்பையோடு நின்று சிரித்திருக்கிறேன். "மாமி, உங்கட மகன் பெரிய கேணல். நான் வெறும் போடியார்" என்று என்னிடம் முறையிடுவான். வயல்காரப் போடியார்தான். அன்றைக்கு அவனுக்கு உடுக்க இருந்தது இரண்டு களிசான்.

வெளியே பொடியன்களைப் பிடிக்கிறார்கள் என்பது அவனுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். காட்டுக்குள் இருந்தவர்கள் பிடித்தார்கள், காட்டிலிருந்து பிரிந்து வந்தவர்கள் பிடித்தார்கள், சீருடை போட்டவர்கள் முகம் மூடி ஆள் காட்டுகிற தலையாட்டியைக் கொண்டுவந்து நிறுத்திப் பிடித்தார்கள். இத்தனை பேருக்கும் தமிழனின் விடிவிலோ நாட்டின் பாதுகாப்பிலோ அவ்வளவு அக்கறை. தங்கள் பிள்ளைகளின் பெயர் மட்டும் எந்தப் பட்டியலிலும் இருக்காது. ஆகவே நீங்கள் உள்ளே இருந்து விளையாடினால் எனக்கு நிம்மதி. அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் உங்கள் முன்னால் வைத்துவிட்டு, இந்தச் சண்டை முடியவே கூடாது என்று நினைத்திருக்கிறேன்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நிவாரணம் கொடுப்பதாக யாரோ வேலியால் சொல்லிவிட்டுப் போனார்கள். மாவும் பருப்பும். வீட்டுக்கு ஓர் ஆண் ஆள் வந்து மூட்டையைத் தூக்கவேண்டும். குகன் எழும்பினான். எங்கள் ஒழுங்கையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குச் சந்தியைச் சுற்றித்தான் போகவேண்டும். "சந்தியில நிக்கிறாங்களாடா?" என்று கேட்டான். நீ விடியப் பேக்கரிக்குப் பாண் வாங்கச் சைக்கிளில் போய் வந்திருந்தாய். அப்போது சந்தியில் ஒரு நாய் மட்டும்தான் படுத்திருந்தது என்று என்னிடமும் சொன்னாய். அதை வைத்துத்தான் சொன்னாய். விடியப் பார்த்த பாதை பின்னேரம் வரைக்கும் வெளிச்சமாகக் கிடக்கும் என்று நினைத்தாய். உன் கேமில் அப்படித்தானே. குதிரைக்காரன் போய் வந்தால் போதும், பிறகு அந்த இடம் இருளாது. எங்கள் சந்தி அப்படி இல்லை. பாண் வாங்கும்போது ஒரு சந்தி, பருப்பு வாங்கும்போது இன்னொரு சந்தி. வளர்ந்த ஆட்களுக்கு அது தெரியும். ஒவ்வொரு தரமும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்போம். நீ மாதக்கணக்காக அந்த ரீவிக்குள் இருந்த பிள்ளை.

"நிப்பாட்டி வை மச்சான். மூட்டையப் போட்டுட்டு ஓடி வாறன்" என்றான். நீ உன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாய். வாசலில் நின்று அவன் என்னவோ சொன்னான். அந்த நேரம் பார்த்து ஒரு செல் கூவிக்கொண்டு போனது, எனக்குக் கேட்கவில்லை. அது போய் முடிந்தபோது நீங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். சும்மா சிரிப்பு இல்லை. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருண்டாய். அவன் சைக்கிளில் ஏறி, சிரிப்பு அடங்காமல் ஹேண்டில் ஆட ஆடப் போனான். ஒழுங்கை முடியும்வரை எனக்கு அது கேட்டது.

சைக்கிள் சந்தியில் நின்றது. விழுந்து கிடக்கவில்லை, ஸ்டாண்ட் போட்டு, வேலியோரமாக ஒதுக்கி, ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தது. யார் நிறுத்தினார்கள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவனா, அவனைப் பிடித்தவனா. கடைக்காரர்கள் எல்லோரும் அந்த நேரம் உள்ளே சாமான் அடுக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். நான்தான் போய்ச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். நீ அதில் பிறகு ஏறவே இல்லை.

நீ கேமை நிப்பாட்டியபடியே வைத்திருந்தாய். மறுநாள் மத்தியானம் கரண்ட் போகும்வரை அது அப்படியே நின்றது. நிப்பாட்டினாலும் அந்த வீரர்கள் முழுதாக நிற்பதில்லை, ஞாபகம் இருக்கிறதா? நடக்கமாட்டார்கள், அடிக்கமாட்டார்கள். ஆனால் நெஞ்சு ஏறி இறங்கும். கொடி ஆடும், ஆற்றுத் தண்ணீர் மினுங்கும். அவன் வைத்த வயலில் கதிர் அசைந்துகொண்டிருக்கும். சீனித்தம்பிப் பெரியப்பா ஒரு மரத்தடியில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். ரீவியின் பச்சை சுவர் முழுவதும் படிந்திருந்தது. வாவி ஜன்னலால் வந்து அதோடு கலந்தது. அந்த அறை முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலவும், நாங்கள் இரண்டு பேரும் அதன் அடியில் உட்கார்ந்து மேலே ஒரு தோணி வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பது போலவும் இருந்தது. கரண்ட் திரும்பி வந்தபோது ரீவி கறுப்பாக இருந்தது.

பூமணி அக்கா வந்தா. நீ கிணற்றடிக்குப் பின்னால் போய் நின்றாய். பள்ளிக்கூட முகாமைக் கலைத்து அந்தச் சனத்தைப் பஸ்ஸில் ஏற்றிப் பழுகாமத்துக்கு அனுப்பிய நாளிலும் வந்தா. நீ தூங்குவதாகச் சொல்லச் சொன்னாய். பிறகு சண்டை முடிந்தது. சந்தி சந்தியாக வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். பஸ்ஸை மறித்து, ஏறியிருந்த சனத்தின் கையிலெல்லாம் கொடியைத் திணித்தார்கள். அந்தக் கிழமையே பூமணி அக்கா வாவி கடந்து வந்தா. கையில் ஒரு பை. உள்ளே தோய்த்து மடித்த ஒரு சேட்டும் களிசானும். "சண்ட முடிஞ்சிட்டுதானே தங்கச்சி. இனி வச்சிரிக்கிற பொடியனுகள விடத்தானே வேணும். வெளிய வாறவனுக்கு மாத்த ஒண்டு வேணுமே" என்றா. உள்ளே நீ கேமின் சத்தத்தைக் கூட்டினாய்.

உனக்குப் பயம், எனக்குத் தெரியும். உன்னை அவ ஏசுவா என்று பயம். ஏசினால் அழுதுவிடுவாய் என்று பயம். இத்தனை வருடமாக நீ அந்தப் பயத்தை உன் சொத்து மாதிரிப் பூட்டி வைத்திருக்கிறாய். அந்தப் பூட்டுக்குள்ளே இன்னொரு ஆளின் சாமானும் இருக்கிறது, மகன். அதுதான் எனக்குக் கோபம்.

கலியாணம் முடிக்கப்போகிறவனுக்குத் தாய் நாலு புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த வவுணதீவுப் பிள்ளை உன்னிடம் ஒன்றைக் கேட்டால் திரும்பி அவளுடைய முகத்தைப் பார். எழும்பிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல். விடியச் சிரித்தவள் பின்னேரமும் சிரித்துக்கொண்டுதான் இருப்பாள் என்று நினைக்காதே. அரிசி இருக்கிறதா, காய்ச்சல் விட்டதா, தாய் என்ன சொன்னா, எல்லாம் நேற்றுப் பார்த்ததுபோல இன்றைக்கு இருக்காது. உன் அப்பாவும் கேள்வி கேட்டால் பத்திரிகைக்குள் இருந்துதான் பதில் சொல்லுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை, "கோயிலுக்கு நீங்களும் வாங்களன்" என்று கேட்டேன். "ம்" என்றார். அது ஓமா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை நான் பழுகாமத்துக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. கலியாணத்துக்குச் சொல்ல வெற்றிலை வட்டாவோடு போனேன். நம் ஆட்களுக்கு நீ அச்சடித்த கார்ட்டும் போனில் அனுப்பிய படமும் கணக்கில் இல்லை. பித்தளை வட்டாவில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டவேண்டும், அவர்கள் எடுக்கவேண்டும். எடுத்தால்தான் வருவார்கள். நீ போகவேண்டிய வீடுகளைச் சொன்னபோது பூமணி அக்காவை விட்டுவிட்டாய். உன் தோழனாக மணவறையில் நிற்கவேண்டியவனின் தாய். வயல் அறுத்து வெறும் அடித்தாள் ஒட்டுக் கிடந்தது. அவ வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தா. வட்டாவை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டா.

"நீ வேணாம் தங்கச்சி. அவன் கொண்டு வரட்டும்."

அன்றைக்கு நடந்ததை நான் எல்லாம் சொன்னேன். பாதை கிளியர் என்று நீ சொன்னதையும் சொன்னேன். அவ நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே கேட்டா. உன்னைத் திட்டவில்லை.

"அவனும் பொடியன்தானே. எனக்கு ஆர் பிடிச்ச எண்டு தெரியும், அதுக்கு அவனை என்னத்துக்கு ஏசுவன்? நீ சொன்னியே, போகக்குள்ள ரெண்டு பேரும் சிரிச்ச எண்டு. என்ன சொல்லிச் சிரிச்சவன்?"

எனக்குக் கேட்கவில்லை அக்கா, செல் போனது என்றேன்.

"அத மட்டும் அவன் வந்து சொல்லட்டும். கேட்டுட்டு மறுகா வெத்தில எடுக்கிறன். எத்தின பேரு எத்தின கேள்வி கேட்டானுகள். என்ன உயரம், என்ன நிறம், எந்தக் கையில மச்சம். அவன் என்னத்துக்குச் சிரிச்சவன் எண்டு ஒருத்தனும் கேக்கல்ல. நானும் இண்டைக்குத்தான் கேள்விப்பட்டன். சிரிச்சிக்கிட்டுத்தான் போனவன் எண்டு."

அவ அதைச் சொன்னபோது முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எழுதமாட்டேன். நீயே போய்ப் பார்.

இந்த வட்டாவை நீ சுற்றி வைத்திருக்கிற கேம் பெட்டிக்கு மேலே வைத்திருக்கிறேன். வெற்றிலை புதிது, இன்றைக்குத்தான் வாங்கினேன். ஜன்னலால் வாவியின் வெளிச்சம் வந்து அதில் ஆடிக்கொண்டிருக்கிறது. பிறகு கட்டின மற்ற அறையில் நீ இருக்கிறாய். உன் விரல்கள் பழைய பெட்டியின் பொத்தான்களைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது. பழுகாமத்துக்கு இப்போது கார்ப்பெட் ரோட்டு, போய்ச் சேர அதிக நேரம் எடுக்காது. அவவிடம் சொல்ல வாயே வராவிட்டால் எனக்குச் சொல், நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். ஆனால் இன்றைக்குச் சொல். ஹெட்போனைக் கழற்று, மகன். இந்தப் பக்கம் திரும்பு.

குகன் வாசலில் நின்று என்ன சொன்னான்?